சனியைச் சுற்றும் ரியா

ஞாயிறு, இரவு

அண்ணன் மகளுக்கு இன்று பெயர் வைத்தோம். குழந்தையின் காதில் மூன்று முறை பெயர் சொல்லும் உரிமை அத்தைக்குத்தான். பதினாறு வயதில், தாராவியிலேயே கெத்தான அத்தை நான்.

மதினி ஆசைப்பட்ட பெயர் ரியா. அம்மாவும் சரி என்று சொல்லியிருந்தாள். நான் பேசாமல் குனிந்து காதில் சொல்லியிருக்கலாம். சும்மா இருக்க முடியுமா? "கிரேக்கக் கதையில ரியா சாமிகளுக்கே அம்மா. வானத்துல சனிக் கிரகத்தோட நிலா" என்று எடுத்துவிட்டேன்.

அம்மா தொட்டிலைப் பிடித்துக்கொண்டாள். "சனியா? ஏட்டி, பச்சப்புள்ளைக்கு யாராவது சனி பேரு வைப்பாவளா? குலசாமி பேரு இசக்கின்னே வைங்க."

மதினிக்குக் கண் நிறைந்துவிட்டது. அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு பாதி இந்தியில் அதட்டினான். "வாய மூடிட்டு சுப் பைட்!"

மூடவில்லை. "யம்மா, சனிக்கிழமை கோயில்ல சனீஸ்வரன எத்தன சுத்து சுத்துவ?"

"ஒம்போது. அதுக்கென்ன?"

"ரியா ராப்பகலா அவரச் சுத்திக்கிட்டே இருக்கா. ஒம்போதுக்கே உனக்கு அருள்னா, அவளுக்கு எவ்வளவு கெடைக்கும்?"

அம்மா விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். பிறகு தொட்டிலை என் பக்கம் தள்ளினாள். "சரி, சொல்லு. எனக்கும் சேத்துச் சுத்தச் சொல்லு."

மூன்று முறை சொன்னேன். மதினி சிரித்துவிட்டாள். வாயால் கெடுத்ததை வாயாலேயே சரிசெய்ய இந்தச் சந்தில் என்னை விட்டால் ஆளில்லை.

கிரேக்கக் கதைப்படி அந்தச் சனிக் கிரகத்துக்கு உரிய சாமியே ரியாவின் புருஷன்தான். பெற்ற பிள்ளைகளை ஒவ்வொன்றாக விழுங்கியவன். இதை மட்டும் அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.