பெண்ணுக்கு வராத நோய்

அக்கா, உன்னைக் கொன்றது அம்மா சொன்ன பொய். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவன் நான்.

நேற்றுக் காலை ஊசி மருந்து எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தேன். தோசை மாவுக்குப் பின்னால் ஒளித்துத்தான் அம்மா இன்னும் வைக்கிறாள். எனக்கு ரத்தம் உறையாத நோய் என்பது எங்கள் தீவின் டெலானிபூர் குவார்ட்டர்ஸில் யாருக்கும் தெரியக் கூடாதாம். உன் கல்யாணத்தன்று என் முழங்கால் வீங்கியிருந்தபோது, "பைக்லேர்ந்து விழுந்துட்டான்" என்றே எல்லோரிடமும் சொன்னாள். நீ மேடையிலிருந்து குனிந்து, "டேய், எப்படா பைக் வாங்கின?" என்றாய். சிரித்தோம்.

உனக்கும் மாதவிலக்கு பன்னிரண்டு நாளானாலும் நிற்காது. லேசாக இடித்தாலே கன்றிப்போகும். "எனக்கும் ஒரு டெஸ்ட் எடுத்தா என்னம்மா?" என்று கேட்டாய்.

"அது ஆம்பளப் புள்ளைக்குத்தான் வரும். உனக்கும் பீமாரி, நோய்க்காரின்னு பேர் வந்தா எவன்டி கட்டுவான்?"

பிரசவ ஆபரேஷனுக்கு முன் நர்ஸ் கேட்டார்: "ஃபேமிலில யாருக்காவது ரத்தம் நிக்காத பீமாரி இருக்கா? சச் பதாவோ, உண்மையச் சொல்லுங்க அம்மா." உன் மாமியார் பக்கத்தில் நின்றார். "எங்க வீட்ல யாருக்கும் இல்ல சிஸ்டர்" என்றாள் அம்மா. நீ என்னைப் பார்த்தாய். நான் தரையைப் பார்த்தேன். அந்த ஒரு நிமிஷத்தை இன்றும் சுமக்கிறேன்.

குழந்தை பிறந்தது. உனக்கு ரத்தம் நிற்கவில்லை. சென்னைக்கு அனுப்பிய உன் ரத்தத்தின் ரிப்போர்ட், உன் காரியம் முடிந்தபின் எங்களிடம் வந்தது. உனக்கும் அதே நோய். அம்மா அதை பீரோவில் பூட்டினாள்.

சென்னை டாக்டரிடம் ஃபோனில் கேட்டேன். இந்த நோய்க்குக் காரணமான பழுது எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது; ஆணின் செல்லில் அது ஒன்று, பெண்ணின் செல்லில் இரண்டு. கருவிலேயே ஒன்று அடக்கப்பட்டுவிடும். அடக்குவது ஓர் ஆர்என்ஏ. அது எந்தப் புரதத்தையும் உண்டாக்காது. தான் பிறந்த குரோமோசோம் மேலேயே படர்ந்து அதன் வாயை மூடும். எந்த எக்ஸ் என்பது செல்லுக்குச் செல் தற்செயல். உன் உடம்பில் பெரும்பாலும் நல்லதுதான் மூடப்பட்டிருக்க வேண்டும் என்றார். அந்த ஆர்என்ஏ மீது எனக்குக் கோபமில்லை. அதற்கு உன்னைத் தெரியாது. எங்களுக்குத் தெரியும்.

நேற்று மாலை உன் மாமியார் புரோத்ராபூரிலிருந்து உன் மகளைத் தூக்கி வந்தார். இரண்டு வயது. தொடையில் உள்ளங்கை அகலத்துக்கு நீலக் கன்றல்.

"பாப்பாவுக்கு ரத்த டெஸ்ட் எடுக்கணும் அத்தை. அக்காவுக்கு இருந்த ரத்தம் நிக்காத நோய் இவளுக்கும் இருக்கலாம்."

அவர் சிரித்தார். "பொம்பளப் புள்ளைக்கா? என்ன சம்மந்தி, பாகல் மாதிரி, புத்தி கெட்டுப் பேசுறான்?"

"அம்மா, ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டு. இப்பவே."

அம்மா குழந்தையின் பாவாடையை இழுத்துத் தொடையை மூடினாள்.