அரிசி டப்பாவில் தாலி

செவ்வாய், நவ. 4

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. ஞாயிறு ஞானஸ்நானத்துக்குக் கட்டின வெள்ளைப் புடவையில் இன்னும் ஏரிச் சேற்று வாடை. தண்ணீரில் இறங்கும் முன் கழட்டின தாலி அரிசி டப்பாவுக்குள். எங்கள் சபையில் நகை கூடாது, தாலியும் சேர்த்துத்தான். இவரிடம் முன்னால் சொல்லவில்லை. வேண்டாம் என்பார் என்று பயம்.

குழாயடியில் பக்கத்து வீட்டு அக்கா, என் காதுபடவே: "புருசன் நல்லா இருக்கசொல்ல கழுத்த மூளியாக்கிக்கினு நிக்குது பாரு. அந்த ஆளு தெனம் மலைக்கு வண்டி ஓட்றவரு."

புதன்

சந்தை. கத்திரிக்காய், உப்பு. கொத்தமல்லி மறந்துவிட்டேன். இவர் நேற்று ராத்திரி சாப்பிடவில்லை. கத்தியிருந்தால் தேவலை. கேட்டது ஒன்றே ஒன்று: "உன் சாமி கழட்டச் சொல்லுச்சா, அந்த ஜனங்க சொன்னாங்களா?" மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தேன்.

சாயங்காலம் திருமலை சவாரி முடித்து வந்து அவராகவே சொன்னார். வளைவில் பிரேக் மிதிக்கும்போதெல்லாம் என் வெறும் கழுத்துதான் கண்ணில் நிற்கிறதாம். "நெனப்பு அங்கயே போய்க்கினு இருக்குது."

ஆண்டவரே, இவருக்கு ஒன்றும் ஆகக் கூடாது.

வெள்ளி

பேய் மழை. கரண்ட் இல்லை. ஜெபக்கூட்டம் முடிந்ததும் பாஸ்டரம்மாவைத் தனியாகப் பிடித்தேன். என் வயசுதான் அவளுக்கும். பாஸ்டர் காதில் விழுமோ என்று உள்ளே பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "கழட்டி வெச்சா பரிசுத்தம் வந்துடுமான்னு எனக்கே தெரிலக்கா. அது ஆண்டவரு கிருபையா குடுக்கறதுதான? கீழ்ப்படியற மனசும் அவரு குடுக்கறதுதான். நீ யாருக்குப் பயந்து கழட்டுன?"

சபைக்குப் பயந்து. வரிசையில் நின்ற எல்லாரும் கழட்டினார்கள், நானும் கழட்டினேன்.

நனைந்துகொண்டே வீட்டுக்கு. நாளைக் காலை தாலியைப் போட்டுக்கொண்டு இவர் முன்னால் போய் நிற்பேன். சபையில் என்ன வேண்டுமானாலும் பேசட்டும். ஞானஸ்நானத்தன்று இல்லாத நிம்மதி இப்போது இருக்கிறது. இவர் தூங்கிவிட்டார். எழுப்பவில்லை.

சனி

எழுந்தபோது இவர் இல்லை. சென்னைப் பார்ட்டியை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போயிருக்கிறார். மழை நிற்கவில்லை. பால் திரிந்துவிட்டது.

கரண்ட் வந்ததும் டிவி. மலைப்பாதையில் பாறை சரிந்து ஒரு வண்டி மேல் விழுந்ததாம். தெலுங்கில் அதையே திரும்பத் திரும்ப. என்ன வண்டி என்று சொல்லவில்லை. இவர் போன் ஸ்விட்ச் ஆஃப்.

அரிசி டப்பாவில் கையை விட்டேன். தாலி இல்லை. தரையில் கொட்டித் துழாவினேன். இல்லை.

பக்கத்து வீட்டு அக்கா டிவி பார்த்துவிட்டு ஓடி வந்தாள். உட்காரவில்லை. "காலைல வண்டி தொடச்சிக்கினு இருந்தாரு. முன்னாடி கண்ணாடில உன் தாலிய மாட்னாரு. இன்னாத்துக்குன்னு கேட்டேன். எங்க வூட்டுக்காரி வேணான்னு உட்டுட்சி, எனக்குத் தொணைக்கு இருக்கட்டும்னாரு."

மறுபடி போன். ஸ்விட்ச் ஆஃப்.

முட்டி போட்டேன். கிருபை, கிருபை என்பதைத் தவிர வாயில் ஒன்றும் வரவில்லை. முட்டியெல்லாம் அரிசி குத்துகிறது.