பக்கத்து நாட்டுக்குப் போன பனியன்

இன்று காலை டீக்கடையில் கையிலிருந்த கிளாஸை நழுவ விட்டுவிட்டேன். போனில் ஒரு செய்திப் படம். பக்கத்து நாட்டு ராணுவக்காரன் ஒருவன் நடுரோட்டில் மாணவனைப் போட்டு அடிக்கிறான். அந்த மாணவன் கழுத்துப் பக்கம் பிடித்து இழுத்ததில் ராணுவக்காரனின் பச்சைப் பனியன் புரண்டு, உள்பக்கம் கழுத்தைச் சுற்றித் தைத்த பழுப்பு டேப் தெரிந்தது.

பச்சைப் பனியனுக்குப் பழுப்பு டேப் வைத்த கிறுக்கர்கள் திருப்பூரில் கூட்டாளிகள் நாம் இருவர்தான் இருப்போம். கடைசி லாட்டில் பச்சை டேப் தீர்ந்துபோக, சாயப்பட்டறைக்காரர் கைவிரிக்க, கிடந்த பழுப்பை நீதான் மெஷினில் மாட்டினாய். "உள்பக்கந்தானலே, எவன் பாக்கப் போறான்" என்றாய். நான் பார்த்துவிட்டேன்.

உன் மகன் ராணுவத்தில் சேர்ந்த வருஷம் அது; ராணுவ ஆர்டர் என்றதும் நம் ராணுவத்துக்கென்றே நினைத்துக்கொண்டாய். பண்டலுக்கு ஒன்று உருவி, உன் கழுத்திலேயே மாட்டித் தேய்த்துப் பார்ப்பாய். "நம்ம பிள்ளைக போடுதது, உறுத்தப்படாது" என்பாய். நான் பிசிறு வெட்டுவது போலத் தலையைக் குனிந்துகொள்வேன்.

எனக்கு முன்பே தெரியும். ஆர்டர் கொண்டுவந்த ஏஜென்ட் முதல் நாளே என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "இது நம்ம ஆளுங்களுக்கு இல்லீங்க. பக்கத்து நாட்டு ராணுவத்துக்கு நம்ம சர்க்கார் சும்மா குடுக்கறதுங்க. துணி, வண்டி, துப்பாக்கின்னு குடுத்தாத்தான் அவங்க நம்ம பக்கம் நிப்பாங்க. இல்லீன்னா வேற நாட்டுக்காரன் குடுத்து இழுத்துக்குவானுங்க." அன்று எனக்கு அது கெட்டிக்காரத்தனமாகத்தான் பட்டது. உன்னிடம் சொன்னால் உன் வேகம் குறைந்துவிடும், தேதி தவறிவிடும் என்று மறைத்தேன். போன வருஷம் நெஞ்சுவலியில் நீ போனபோதும், நம் பிள்ளைகளுக்குத் தைத்தோம் என்ற நினைப்போடுதான் போனாய்.

சாயங்காலம் ஏஜென்ட்டிடம் படத்தைப் பற்றிச் சொன்னேன். "நாம துணிதானுங்க குடுத்தோம்" என்றார். மறுபடியும் அதே ஆர்டர் வருகிறதாம். வேண்டாம் என்றேன். அவருக்கு அதில் வருத்தமில்லை. பெருமாநல்லூரில் தைத்துக் கொடுக்க வேறு ஆள் இருக்கிறாராம். அந்தப் பேச்சு எனக்குப் படத்தைவிட அதிர்ச்சியாக இருந்தது.

போன லீவில் உன் மகன் வந்திருந்தான். "அப்பா தச்சது எங்க யூனிட்டுக்கு வரவே இல்லையே சித்தப்பா, எங்க போச்சு?" என்று கேட்டான். "வரும் கண்ணு" என்றேன். உன்னிடம் மறைத்ததை உன் பிள்ளையிடமும் மறைத்தேன்.

இந்த ஞாயிறு மறுபடி வருகிறான். இந்த முறை சொல்லிவிடுவேன். உண்மையைக் கேட்டிருந்தால் நீ என்னை எப்படிப் பார்த்திருப்பாய் என்பதை அவன் முகத்தில்தான் பார்க்க வேண்டும்.