ஐலாவின் குரல் ஓடாத கணினி

மார்ச் 4, செவ்வாய்
பழைய மடிக்கணினி செத்துவிட்டது. என் மனைவி ஐலா கண்ணசைவால் ஒரு வாக்கியத்தைத் தேர்ந்தெடுத்தால் அது அவள் குரலிலேயே பேசும். நோய் நாக்கை முடக்குவதற்கு முன் எல்லாவற்றையும் பதிந்து வைத்திருந்தாள். நிரல் மட்டும் நான் எழுதியது.

புதுக் கணினியில் ஏற்றினேன். நிரலை ஓட்டும் ஜாவா அதிலும் எட்டாம் பதிப்புதான். திரை திறந்தது, வாக்கியங்கள் வரிசையாக வந்தன. அவள் தூங்கிக்கொண்டிருந்ததால் ஒலியைப் போட்டுப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை மோராக் பெர்த்திலிருந்து வருகிறாள். மகளிடம் சொந்தக் குரலில் பேச வேண்டும், ஐலாவுக்கு வேறு ஆசை இல்லை.

மார்ச் 8, சனி
மோராக் கட்டிலருகே குனிந்தாள். ஐலா தேர்ந்தெடுத்தாள். சத்தமே இல்லை. திரையில் சிவப்பு எழுத்து: கிளாஸ் காணவில்லை.

ஜாவாவின் புத்தி அது. தேவைப்படும் நிமிடம் வரை ஒரு கிளாஸை, அதாவது நிரலின் ஒரு துண்டை, தேடவே தேடாது. எனக்குத் தெரியாததா இது?

"விடுப்பா, அம்மா என்னப் பாக்குறதே போதும்," என்றாள் மோராக். ஐலாவின் கண் நிறைந்துவிட்டது. பார்க்கப் பொறுக்காமல் கணினியைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனேன்.

மார்ச் 9, ஞாயிறு
ஆபீஸ் நண்பன் டூகலைப் போனில் கூப்பிட்டேன். "என் மெஷின்ல ஓடுச்சேடா!"

"நிரல் எழுதுற நாம எல்லாரும் சொல்றதுதானே அது. எட்டுன்னு நம்பரைப் பாத்தே. எந்தக் கம்பெனி ஜாவான்னு பாத்தியா?"

பார்க்கவில்லை. பழைய கணினியின் ஜாவாவில் ஒலிக்கான கிளாஸ்கள் கூடவே வந்திருந்தன. இதில் அவை அடியோடு இல்லை. ஒன்றைக் கொண்டுவந்து போட்டால் இன்னொன்றைக் காணோம் என்கிறது.

நர்ஸ் சியோசியானா கதவைத் தட்டினாள். "ஆலன், அவங்க மூச்சு சரியில்ல. அந்தப் பெட்டிய வெச்சுட்டு வாங்க."

"இதோ, வந்துட்டேன்," என்றேன். உடனே போகவில்லை. ஏன்டா போகல?

மார்ச் 10
ஐலா போய்விட்டாள்.

மார்ச் 16, ஞாயிறு
வீடு முழுக்கப் பூ. டூகல் வந்து பாத்திரம் கழுவிவிட்டுப் போனான். நான் கணினியைத் தொடவில்லை.

மார்ச் 27, வியாழன்
மோராக் ஊர் திரும்புமுன் கேட்டிருந்தாள்: "அம்மா குரல் எனக்கும் வேணும்ப்பா." அவள் கணினியில் எந்த ஜாவா இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. ஒலி கிளாஸ்கள் உள்ள ஜாவாவையே நிரலோடு சேர்த்துக் கட்டி அனுப்பினேன். அனுப்புமுன் ஒவ்வொரு வாக்கியமாக ஓடவிட்டுக் காதால் கேட்டிருக்க வேண்டும். சத்தத்தை அணைத்துவிட்டு, பிழை வருகிறதா என்று திரையை மட்டும் பார்த்தேன். அவள் குரலைக் கேட்கத் தைரியம் வரவில்லை.

ஏப்ரல் 2, புதன்
மோராக் போனில் கூப்பிட்டாள். மறுபடியும் பிழைதான் என்று நினைத்தேன். பிறகு அவள் பக்கத்திலிருந்து ஐலா பேசினாள்:

"வாடி என் கண்ணு. என்ன இப்படி இளைச்சுட்டே, பெர்த்துல சாப்பாடே கிடைக்கலியா?"

மோராக் அழுதாள். "இன்னொரு தடவை போடு," என்றேன்.