மல்லிகாவுக்கு ஒரு படம்

ஜூலை 14, திங்கள்
காலையிலிருந்தே புழுக்கம். ஒரே வேலை: ஞாயிறன்று மல்லிகாவின் வருஷ திதி, அதற்குள் மாட்ட ஒரு படம். பீரோ குடைந்தாயிற்று. இல்லை.

போன வருஷம் காரியத்துக்கு ஆதார் படத்தைப் பெரிதாக்கி வைத்தோம். மகள் கவிதா பார்த்துவிட்டு, "போலீஸ் ஸ்டேஷன் போர்டுல ஒட்டன மாதிரி கீதுப்பா" என்றாள். அன்று மாலையே கழற்றியாயிற்று.

கட்டிலுக்கடியில் மூன்று பெட்டி நிறைய வெள்ளைக்காரன் காலத்து ஸ்டுடியோ படங்கள். எல்லாம் ஊர் பேர் தெரியாத பெரிய மனிதர்கள். நான் பொறுக்கிச் சேர்த்தது. பேர் வைத்தது மல்லிகா. கடன்கார மிராசு, அழுமூஞ்சி அத்தை, ரெண்டாந்தாரம். கூடவே எனக்கு ஒரு குத்தல்: "ஊர்ல செத்தவங்கள எல்லாம் தூக்கினு வர. வூட்ல உசுரோட ஒருத்தி கீறேன், ஒரு போட்டோ எட்தியா?"

எடுக்கப் போனால் முந்தானையால் மூடிக்கொள்வாள். என் போனில் இருப்பதெல்லாம் கையும் முதுகும்.

ஜூலை 15, செவ்வாய்
பஸ் ஸ்டாண்ட் பக்கம், போட்டோ கடை சேகர். ஆதாரிலிருந்து தலையை வெட்டி, கம்ப்யூட்டரில் தயாராக இருந்த பட்டுப்புடவை உடம்பில் ஒட்டினான்.

"நெக்லஸ் போட்டுடவா அண்ணாத்த, காசு மாலையா?"

கல்யாணத்தன்றுகூட அவளுக்கு அவ்வளவு நகை இல்லை. கழுத்து யாருடையதோ.

"கொஞ்சம் செவப்பாக்கட்டா?"

"ஏன், பொண்ணு பாக்க வராங்களா?"

சிரித்தான். நானும் சிரித்தேன். எதிர் டீக்கடையில் டீ வாங்கி, ஆறி ஆடை படியும்வரை கையிலேயே வைத்திருந்தேன்.

ஜூலை 17, வியாழன்
ஆடி பிறந்தாயிற்று. சேகரிடம் மறுபடி போகப் பிடிக்காமல் மாமல்லபுரம் பஸ். திருக்கழுக்குன்றம் வரை நின்றுகொண்டே. முட்டி தனியாகப் புலம்பியது.

நான் வழக்கமாகப் படம் வாங்கும் பழஞ்சாமான் கடை பாய் புதிதாக ஒரு படம் எடுத்து வைத்தார். நாற்காலியில் புருஷன், பக்கத்தில் நிற்கும் பெண்டாட்டி, பின்னால் துணியில் வரைந்த மாளிகை. புருஷன் மீசை முடி எண்ணலாம். அவள் முகம் மட்டும் புகை. அந்தக் காலக் கேமராவில் ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும். இவள் எதற்கோ திரும்பிவிட்டாள்.

"டேமேஜ் பீசு சார். எவனும் வாங்க மாட்டான்."

ஆனாலும் யாரோ கண்ணாடி போட்டு வைத்திருந்திருக்கிறார்கள். வேறு யார், அந்த மீசைக்காரன்தான்.

கடற்கரைக்குப் போகவில்லை. கடை வாசலிலேயே உட்கார்ந்து போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். கை. முதுகு. கை. பிறகு ஒன்று: அடுப்பிலிருந்து கரண்டியோடு என்னைத் திட்டத் திரும்புகிறாள். வாய் திறந்திருக்கிறது. முகம் கலைந்து ஓடுகிறது. இதை நான் படம் என்றே கணக்கில் வைத்ததில்லை.

ஜூலை 19, சனி
சேகர்: "இன்னாண்ணா, மூஞ்சியே ஓடுது. சரி பண்ணட்டா?"

"கைய வெக்காத. அப்டியே போடு."

மாலை தூறல். படத்தைச் சட்டைக்குள் வைத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நடை. பார்த்தவர்கள் எனக்கு நெஞ்சுவலி என்று இந்நேரம் தெரு முழுக்கச் சொல்லியிருப்பார்கள்.

ஜூலை 20, ஞாயிறு
சிறுசேரியிலிருந்து கவிதா. படத்தைக் கிட்டே போய்ப் பார்த்தாள். "திட்றாங்க இல்ல?" என்றாள். ஆமாம் என்றேன்.

ஐயர் போனபின் மாலை போட்டாள். குங்குமம் தொட்ட விரலைக் கண்ணாடிமேல் கொண்டுபோனவள் நின்றுவிட்டாள். விரல் இங்கும் அங்கும் நெற்றியைத் தேடியது.

"எங்கப்பா வெக்கிறது?"

காட்டலாமென்று எழுந்து போனேன். எனக்கும் தெரியவில்லை.