வேனை விற்கப்போவதில்லை

காலடிப்பேட்டை
14.7.1954

கர்த்தருக்குள் அன்பான மகன் அய்யாத்துரைக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதித்தான் பழக்கம், இந்தத் தடவை முக்கால் சுகம் என்று வைத்துக்கொள். பினாங்கில் நீ முழுச் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன்.

கடையை மூடி, வேனை விற்றுவிட்டு, அப்பாவைக் கூட்டிக்கொண்டு கப்பலேறச் சொல்லி எழுதியிருந்தாய். உன் பாசம் புரிகிறது ஐயா, ஆனால் அது நடக்காது. பக்கவாதத்தில் அப்பாவுக்கு வலது கையும் பேச்சும் போயிற்று, எண்ணூர்க் கடைகளுக்கு வேனில் கருப்பட்டி போடுவதும் நின்றால் மனுஷன் சுவரைப் பார்த்தே உட்கார்ந்து போய்ச் சேர்ந்துவிடுவார். சம்பளத்துக்கு வைத்த டிரைவர் வேலப்பனும் ஹார்பர் லாரிக்குப் போய்விட்டான், அதனால் நானே ஓட்டப் படிக்கிறேன். சிரிக்காதே. ஸ்டியரிங் வந்துவிட்டது, கியர்தான் இந்த ஊர்ப் பாஷையில் சொன்னால் பேஜாரு. இத்தனை வருஷம் தையல் மெஷின் மிதித்த காலாயிற்றே, கிளச்சில் வைத்தால் அமுக்கிப் பிடிக்காமல் தானாக மேலும் கீழும் ஆடுகிறது, கியர் கரகரவென்று அலறுகிறது. பக்கத்து வீட்டு ஜெயவேல்தான் ஃபுட்போர்டில் தொற்றிக்கொண்டு சொல்லித்தருகிறான், இன்னாக்கா, ஜாக்கெட்டா தெச்சிகினு கீற என்று கேட்டான். பொம்பளைக்கு இது எதற்கு என்றார் உன் சித்தப்பா, அவருக்குச் சைக்கிளே ஓட்டத் தெரியாது.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அப்பாவைத் தனியாக விட மனமில்லாமல் பக்கத்து சீட்டில் ஏற்றிக்கொண்டேன். எண்ணூர் ரோட்டில் கியரை இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றும்போது அது அலறிய அலறலில் ரோட்டோரக் காக்கையெல்லாம் பறந்தது. அப்பா இடது கையால் டேஷ்போர்டை அறைந்து, கிளச்சை மிதிடி என்றார். சித்திரையிலிருந்து தண்ணீர் என்று கேட்கக்கூட வராத வாய், அய்யாத்துரை. வண்டி அப்படியே நின்றுபோயிற்று, நான் ஸ்டியரிங்கில் சாய்ந்து அழுதேன். அன்றிலிருந்து தினமும் அவரும் வருகிறார். வீட்டில் வாயே திறப்பதில்லை, வேனில் ஏறினால் திட்டு வருகிறது. ஆகவே வேனை விற்கிற பேச்சை இனி எடுக்காதே. அடுத்த மாதம் லைசென்ஸ் டெஸ்ட், வாங்காமல் விடமாட்டேன்.

மழையில் நனையாதே, ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போ. கர்த்தர் உன்னைக் கண்மணிபோல் காப்பாராக. ஒரு விஷயம், ஜெயவேலுக்குத் தெரிய வேண்டாம். கியர் இப்போது எனக்குச் சத்தமில்லாமல் விழுகிறது. ஆனாலும் எண்ணூர் போவதற்குள் ஒரு தரமாவது வேண்டுமென்றே கரகரக்க விடுகிறேன். நேற்று அப்பா என் முழுப் பெயரையும் சொல்லித் திட்டினார்.

இப்படிக்கு,
உன் அம்மா
தங்கபுஷ்பம்