பால் ஊற்றிய பாம்புத்தோல்

சான்ட்ரிங்ஹாம், ஆக்லாந்து, 1996

என் ஆசை அண்ணா,

உங்களிடம் மறைத்த இரண்டு விஷயங்களை இன்று சொல்லிவிடப் போகிறேன். எனக்கு இப்போது ஐந்து மாதம். மற்றது, உங்கள் வில்லைக் கெடுத்தது நான்தான்.

நீங்கள் செதுக்கிய மரவில்லின் முதுகில் ஒட்டவென்று பதப்படுத்திய பாம்புத்தோல் இரண்டு தபாலில் வந்த நாளிலிருந்தே எனக்குப் பயம்தான். உடுப்புத் தோய்க்கும் லாண்டரித் தொட்டியில் இளஞ்சூட்டு நீர் விட்டு, பாத்திரம் கழுவும் சோப்புப் போட்டு அலசுவீர்கள். "துளி கொழுப்பு இருந்தாலும் பசை பிடிக்காது பிள்ளை." நான் கதவோடு நிற்பேன். "இந்த நாட்டிலதான் பாம்பே இல்லையே, பிறகென்ன பயம்?" என்று சிரிப்பீர்கள்.

உங்களுக்கென்ன, சிரிப்பு! இரண்டு பிள்ளைகள் வயிற்றில் தங்காமல் போனவள் நான். மூன்றாம் முறையாக நாள் தள்ளிப்போயிருந்தது. நாகதோஷம் என்ற சொல்லே மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. நீங்கள் வேலைக்குப் போனதும், கழுவி விரித்திருந்த தோல்கள்மேல் பாலை ஊற்றிக் கும்பிட்டேன். துணியால் ஒற்றிவிட்டு, இருந்தபடியே வைத்தேன்.

மறுநாள் ஒரு தோலை வில்லின் ஒரு பாதியில் ஒட்டித் துணி சுற்றினீர்கள். அவிழ்த்தபோது ஓரமெல்லாம் கிளம்பி நின்றது. "என்ர கைதான் பிழை. வடிவாக் கழுவேல்லை" என்றீர்கள். நான் ஊற்றிய பாலின் கொழுப்பென்று சொல்லாமல் மறைத்தேன். அடுத்த கிழமை மவுண்ட் வெல்லிங்டனில், வேலையிடத்திலேயே உங்களுக்கு நெஞ்சுவலி. வில்லில் தோல் ஒட்டாத பிழையை உங்களுடையதென்று நினைத்துக்கொண்டா போனீர்கள்?

உங்கள் முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்தும் இரண்டு மாதமாகிவிட்டது. நேற்று இரண்டாவது தோலைத் தொட்டியில் போட்டேன். இவர் ஓடிவந்தார்.

"இஞ்சேரும், இந்த நேரத்தில உந்தப் பாம்புத்தோலைத் தொடுறீரோ?"

"அண்ணான்ர கையில பிழையில்லை எண்டு பார்க்கவேணும்" என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

உட்புறத்து மெல்லிய சவ்வைக் கரண்டிக் காம்பால் சுரண்டினேன். மூன்று முறை சோப்புத் தண்ணீர் மாற்றினேன். அப்போதுதான் நினைவு வந்தது, காலையிலிருந்து பிள்ளை அசையவில்லை. செய்யக்கூடாததைச் செய்துவிட்டேனோ? தோலைத் தொட்ட கையை வயிற்றில் வைக்கவும் பயந்து, தொட்டியைப் பிடித்தபடி நின்றேன். கடைசியில் வைத்தேன். எவ்வளவு நேரமோ தெரியாது. பிறகு மெல்ல அசைந்தது.

பயம் போய்விட்டதென்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். பிள்ளை கையில் வரும்வரை அது போகாது. தோல் நிழலில் காய்கிறது. நாளை உங்கள் வில்லின் மறுபாதியில் ஒட்டப் போகிறேன். இந்தமுறை பால் ஊற்ற மாட்டேன் அண்ணா, சத்தியமாக.

கதவோடு நின்ற
உங்கள் தங்கச்சி